உப்போடையின் ஆறு விளக்குகள்

டிசம்பர் 9

உப்போடை நிலையத்தின் ஆறு விளக்குகளுக்கும் இன்று வளையம் இருந்தது. உள்ளே நீலம். வெளியே சிவப்பு. நடுவில் பெயர் வைக்க முடியாத ஒரு பச்சை. அதிகாலை ஐந்து மணி. எதிர் வண்டிக்கு வழிவிட எங்களை லூப் லைனில் ஒதுக்கியிருந்தார்கள். மார்கழி இன்னும் பிறக்கவில்லை, அதற்குள் பனி.

ஐம்பத்தெட்டு வேகன் நிலக்கரி. துறைமுகத்திலிருந்து அனல்மின் நிலையத்துக்கு. போகும்போது கரி, வரும்போது காலி. மூன்று வருடமாக இந்தப் பாதைதான். நான் உதவி லோகோ பைலட், வலப்பக்க இருக்கை. இடப்பக்கம் எப்சிபா அக்கா. அவர் ஓட்டுகிறார். நான் பார்க்கிறேன்.

கல்லூரி நண்பர்கள் என்ன வேலை என்று கேட்டால் அப்படித்தான் சொல்வது வழக்கம். பார்க்கிறேன். சிரிப்பார்கள். ஆனால் வேலை அதுதான். தொலைவில் சிக்னல் கண்ணில் பட்டதும், முதலில் பார்த்தவர் அதன் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர் தானும் பார்த்து, அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பார்க்காமல் திருப்பிச் சொல்லக் கூடாது. பயிற்சியில் முதல் நாள் சொல்லித்தந்தது. இரண்டு பேர், நான்கு கண்கள், ஒரே சொல்.

"என்னத்தல பாத்துட்டு இருக்க, புரொபசரு?" என்றார் அக்கா. பையில் புத்தகம் வைத்திருப்பதால் எனக்கு அந்தப் பெயர்.

"லைட்டச் சுத்தி வளையம், அக்கா. பனியில எவ்வளவு கலரு."

அவர் கண்ணாடி வழியாக விளக்குகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் டீ ஊற்றி நீட்டினார். அழகு பற்றிப் பேச அவருக்கு நேரம் கிடையாது.

பதினோரு மணி நேரம் இன்ஜினில். அறைக்கு வந்து கைக்குட்டையை அலசினேன். மூன்று வாளித் தண்ணீர் கறுப்பாகவே போனது.


டிசம்பர் 12

தூக்கம். எழுந்தால் மறுபடி தூக்கம். சட்டைகள் துவைக்கவில்லை.


டிசம்பர் 17

கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து தீர்ந்தது. நயினார் மெடிக்கல்ஸில் காலிப் பாட்டிலைக் காட்டினேன். நயினார் அண்ணாச்சி பாட்டிலைப் பார்க்காமலே கை நீட்டி எடுத்துத் தந்தார்.

"கரி வண்டிக்காரங்களுக்கு இது சாப்பாடு மாதிரில்லா" என்றார். "ரெண்டா எடுத்துக்கிடுங்க, தம்பி."

இரண்டாக எடுத்துக்கொண்டேன். கல்லூரி நாட்களில் கண் அரிப்புக்கு ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்தது. பத்து நாளுக்கு. அரிப்பு நின்றது. வேலையில் சேர்ந்த பிறகு கரித்தூளில் திரும்ப வந்தது. காலை ஒரு சொட்டு, மாலை ஒரு சொட்டு. விட்டதும் கண் குளிர்ந்து வெள்ளையாகிவிடும். இந்த வேலையில் உடனே பலன் தெரிகிற ஒரே காரியம்.


டிசம்பர் 27

அக்கா கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் விடுப்பு எடுத்துத் திரும்பினார். அச்சு முறுக்கு ஒரு டப்பா நிறைய. நாற்பத்து மூன்று வயது; இரண்டு பெண்கள்; மூத்தவள் பன்னிரண்டாம் வகுப்பு. புதுக் கண்ணாடி போட்டிருந்தார்.

"கிட்டத்துல எழுத்து மங்குது. டாக்டரம்மா மாட்டிவிட்டுட்டா. எப்படி இருக்கு?"

"ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரி."

"அப்ப நீ முட்டி போடு."

அவரோடு போவதில் ஒரு வசதி. எல்லா சிக்னலையும் எனக்கு முன்னால் சொல்லிவிடுவார். நிலையத்துக்கு வெகு முன்பே எச்சரிப்பது டிஸ்டன்ட், நிலைய வாசலில் நிற்பது ஹோம். "டிஸ்டன்ட், கிரீன்." நான் "டிஸ்டன்ட், கிரீன்." "ஹோம், எல்லோ." "ஹோம், எல்லோ." வழிபாட்டில் பதில் சொல்வதைப் போல. அந்தத் தாளத்தில் பாதித் தூக்கத்திலும் வாய் தானாகப் பேசுகிறது.

இதை எழுதியிருக்க வேண்டாம்.


ஜனவரி 5

வண்டிக்காரர்கள் தங்கும் ரன்னிங் ரூமில் ஒன்பது மணி நேர ஓய்வு. தூக்கம் வரவில்லை. கல்லூரியில் வாங்கிய ஒளியியல் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். வளையங்கள் பற்றி நான்கு பக்கம். காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகளின் ஓரத்தில் ஒளி வளைகிறது. ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு அளவுக்கு வளைகிறது. அதிகம் வளைவது சிவப்பு, அதனால் அது வெளியே. நீலம் உள்ளே. உப்போடையில் பார்த்தது அப்படியே.

கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு பத்தி. இதே வளையம் சிலருக்குக் கண்ணுக்குள்ளேயும் உண்டாகுமாம். எது எங்கே என்று அறிய எளிய வழி: கையை நீட்டிக் கட்டைவிரலால் விளக்கை மட்டும் மறைக்க வேண்டும். வளையம் காற்றில் இருந்தால், விளக்கு மறைந்த பிறகும் விரலைச் சுற்றி நிற்கும். கண்ணில் இருந்தால், விளக்கோடு சேர்ந்து அதுவும் போய்விடும்.

நேர்த்தியான சோதனை. கருவி வேண்டாம், செலவு இல்லை. பென்சிலால் ஓரத்தில் கோடு போட்டேன்.

செய்து பார்க்கலாம். இன்று களைப்பு.


ஜனவரி 8

உப்போடை. ஆறு விளக்கு, ஆறு வளையம். கையெல்லாம் கிரீஸ். விரலை உயர்த்தவில்லை.


ஜனவரி 19

பதவி உயர்வுத் தேர்வின் முடிவு வந்தது. தேறிவிட்டேன். ஏப்ரலில் கண்ணும் உடலும் பரிசோதனை. அதற்குப் பிறகு பயிற்சி. அதற்குப் பிறகு இடப்பக்க இருக்கை.

அக்கா இன்ஜினிலேயே கையைப் பிடித்துக் குலுக்கினார். "இனி நீயும் ஓட்டலாம். உன் பக்கத்துல ஒரு தூங்குமூஞ்சி உக்காந்திருப்பான், உன்னய மாதிரி." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு ஏதோ கேட்க வந்தார். "கண்ணு..." என்று தொடங்கினார். சிக்னல் வந்தது.

"கண்ணு என்னக்கா?"

"செவந்து கெடக்கு. தூங்கு."

ஊருக்குப் போன் செய்து சொன்னேன். சந்தோஷப்பட்டார்கள். எனக்கும் ஏதோ இருந்தது. சந்தோஷம் என்றுதான் நினைக்கிறேன். இந்த வேலையில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. பொழுது விடியும்போது உப்பளங்கள் வழியாகப் போகையில் எதிரே இரண்டு தண்டவாளங்களும் நரைத்து, பிறகு வெளுத்து, பிறகு சிவக்கும். அதை முதலில் பார்க்கும் ஆள் நான். அதை இழக்க முடியாது.


ஜனவரி 30

ஒரு மாற்றம். எப்சிபா அக்கா முன்போல் முதலில் சொல்வதில்லை. வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறார். நான் சொன்னால் திருப்பிச் சொல்கிறார். இன்று பதினான்கு சிக்னல்களில் பன்னிரண்டை நான்தான் முதலில் சொன்னேன். பழக்கமில்லாததால் தொண்டை கட்டிவிட்டது.

புதுக் கண்ணாடி ஞாபகம் வருகிறது. கிட்டத்துல மங்குது என்றார். தூரத்திலும் மங்கினால்?


பிப்ரவரி 3

பனிக்காலம் முடிந்துவிட்டது என்கிறார்கள். நட்சத்திரங்கள் குத்துவதுபோல் தெரிந்தன என்று எழுத ஆசை. அவையும் கொஞ்சம் நனைந்துதான் இருந்தன.

உப்போடையில் வளையங்கள் அப்படியே. முன்கண்ணாடிதான் காரணமாக இருக்க வேண்டும். உப்புக்காற்று, கரித்தூள். லூப்பில் நின்றபோது தண்ணீர் ஊற்றி, பழைய செய்தித்தாளால் கால் மணி நேரம் துடைத்தேன்.

"எதுக்குல இந்தப் பாடு?" என்று அக்கா ஜன்னலில் தலையை நீட்டிக் கேட்டார்.

"கிளாஸ்ல பிசுக்கு, அக்கா. பனி வேற."

"பனியா? எங்க?"

நான் துடைத்துக்கொண்டிருந்தேன். வானத்தைக் காட்டி அவர் மறுபடி கேட்டார், மெதுவாக: "எங்கன இருக்கு பனி?"

அக்காவுக்குப் பனி தெரியவில்லை. கவலையாக இருக்கிறது.


பிப்ரவரி 11

கண் வலி, காலையில் தலைவலி. இரவுப் பணி ஆறு தொடர்ந்து. எல்லோருக்கும் இப்படித்தான்.

அக்காவிடம் நேரடியாகக் கேட்க முடியாது. இருபது வருட சர்வீஸ். ஆண்கள் மட்டும் இருந்த இன்ஜின் ஷெட்டுக்குத் தனியாக வந்து, மாற்றுடை அறைகூட இல்லாமல் வேலை கற்றவர். அவரிடம் போய் உங்கள் கண் போய்விட்டதா என்று எப்படிக் கேட்பது?

என்னால் முடிந்தது: பையிலிருந்த புதுச் சொட்டு மருந்துப் பாட்டிலை நீட்டினேன்.

"இது எதுக்கு?"

"கண்ணுக்கு நல்லது. கரித்தூள எடுத்துரும். நான் நாலு வருசமா விடுதேன்."

"எத்தன வருசம்?"

"நாலு. கூட இருக்கும்."

பாட்டிலை வாங்கினார். புதுக் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு அதன் சின்ன எழுத்தை நெடுநேரம் படித்தார். கைப்பையில் போட்டுக்கொண்டார். நன்றி சொல்லவில்லை. தப்பாக எடுத்துக்கொண்டாரோ என்னவோ.


பிப்ரவரி 16

குழப்பம். இன்று நான்காவது ரயில்வே கேட்டுக்கு முன்னால் அக்கா தானாகவே வேகத்தைக் குறைத்தார். சிக்னல் எதையும் சொல்லவில்லை. சில நொடிகள் கழித்து எனக்கு மஞ்சள் தெரிந்தது. "எல்லோ!" என்றேன். "எல்லோ" என்றார், ஆறிப்போன குரலில்.

தெரியாதவர் எப்படி முன்னதாகக் குறைத்தார்? பாதையின் பழக்கம். இருபது வருடத்தில் உடம்பு மனப்பாடம் செய்திருக்கும். மனப்பாடத்தில் வண்டி ஓட்டுவது ஆபத்து. ஒருநாள் சிக்னல் மாறியிருக்கும், உடம்புக்குத் தெரியாது.


பிப்ரவரி 20

எழுதிவிட்டேன். மூன்று தாள் கிழித்த பிறகு இது:

"ஐயா, என்னுடன் பணிபுரியும் லோகோ பைலட் திருமதி எப்சிபா அவர்கள் கடந்த சில வாரங்களாக சிக்னல்களை உரிய தூரத்தில் கண்டறிந்து அறிவிப்பதில்லை. உடன் பணிபுரிபவர் சொல்வதைக் கேட்டே திருப்பிச் சொல்கிறார். பழக்கத்தைக் கொண்டு சமாளிக்கிறார் என்று அஞ்சுகிறேன். பாதுகாப்பு கருதி, அவரது கண்களை உடனே பரிசோதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, ப. திருமேனி, உதவி லோகோ பைலட்."

இரண்டாவது வாக்கியத்தை எழுதும்போது கை நின்றது. ஏன் என்று யோசிக்கவில்லை.

மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். இன்ஸ்பெக்டர் திங்கட்கிழமை வருவார்.


பிப்ரவரி 23

திங்கள். இன்ஸ்பெக்டர் வந்தார். டீ குடித்தார். போனார்.


பிப்ரவரி 27

எழுதுவதற்கு நேரம் இருக்கிறது. இனி நிறையவே இருக்கும்.

காலை ஐந்தே கால். முழுக் கரி. அறுபதில் வந்துகொண்டிருந்தோம். உப்போடைக்கு முந்தைய டிஸ்டன்ட் சிக்னல். அங்கே ஒரு மஞ்சள் என்றால் அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராக வேண்டும். இரண்டு மஞ்சள் என்றால் வேகம் குறைத்து லூப்புக்குள் போகலாம். மூன்று வருடமாக இந்த வண்டிக்கு அங்கே இரண்டு மஞ்சள்தான். எங்களை எப்போதும் லூப்பில்தான் போடுவார்கள்.

அக்கா பேசவில்லை. நான் பார்த்தேன். இருட்டில் மஞ்சளாக ஒரு பூ. அதைச் சுற்றி வானவில். பூவுக்குள் ஒன்று இருந்ததா, இரண்டா? நான் அதை எண்ணவில்லை. உண்மையை எழுதுகிறேன்: எண்ணவில்லை.

"டிஸ்டன்ட், டபுள் எல்லோ" என்றேன்.

திருப்பிச் சொல்லும் குரல் வரவில்லை. தாளத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது. அப்போதுதான் கேட்டது: பிரேக் ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருந்தது. ஐம்பத்தெட்டு வேகன்களும் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு வரும் அந்தச் சத்தம். நான் வாய் திறப்பதற்கு முன்பே பிடித்திருக்கிறார்.

ஹோம் சிக்னலுக்கு முன்னால் நின்றோம். சிவப்பு. அதையாவது யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் வளையம்; வெளி ஓரம் சிவப்பு, சிவப்பைச் சுற்றியும் சிவப்பு.

கம்ப்ரஸர் ஓடி நின்றது.

கையில் கிரீஸ் இல்லை. களைப்பு இருந்தது, ஆனால் அது எப்போதும் இருப்பது. வலக்கையை நீட்டினேன். கட்டைவிரலால் சிவப்பை மறைத்தேன்.

வளையம் போய்விட்டது. விரலைச் சுற்றி வெறும் இருட்டு. சுத்தமான, துடைத்த இருட்டு.

விரலை எடுத்தேன். வந்தது. மறைத்தேன். போனது. இடக்கண்ணை மூடிப் பார்த்தேன், வலக்கண்ணை மூடிப் பார்த்தேன். எத்தனை முறை என்று தெரியாது.

"ஒண்ணுதான் தம்பி இருந்துச்சு" என்றார் அக்கா. "மஞ்ச ஒண்ணுதான்."

"தெரியும்" என்றேன். பிறகு, "தெரியாது."

"ஒரு மாசமா வாய மூடிட்டு வாரேன். நான் சொன்னாத்தான் நீ சொல்லுதியோன்னு ஒரு சந்தேகம். அதான் சும்மா இருந்து பாத்தேன். ஒவ்வொரு நாளும் லேட்டாகுது உனக்கு. நான் பாத்து, பிரேக்க பிடிச்சி, அப்புறம் உன் சத்தம் வருது." ஸ்டியரிங் இல்லாத கட்டுப்பாட்டு மேசையில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நேரே பார்த்தே பேசினார். "அன்னைக்கே கேட்டிருக்கணும். உன் ரிசல்ட்டு வந்த அன்னைக்கு. வாய் வரல. நானும் தப்புதான்."

"பனின்னு நெனச்சேன், அக்கா."

"நீ குடுத்த பாட்டில டாக்டரம்மாட்ட கொண்டு காட்டினேன். யாரு விடுதா, எத்தன நாளா விடுதான்னு கேட்டா. நாலு வருசம்னேன். பேனாவ கீழ வச்சிட்டா. அந்த ஆள நாளைக்கே கூட்டிட்டு வான்னா. அது முந்தாநாளு. இந்த டிரிப்பு முடிஞ்சதும் உன்ன இழுத்துட்டுப் போகணும்னுதான் வந்தேன்."

சிக்னல் மாறியது. ஏதோ ஒரு நிறம்.

"ஹோம், எல்லோ" என்றார். முன்போல, முதலில்.

வாய் தானாகத் திறந்தது. "தெரியலக்கா" என்றேன்.

அவர் வண்டியை எடுக்கவில்லை. வாக்கி டாக்கியைக் கையில் எடுத்தார். "நீ சொல்லுதியா, நான் சொல்லவா?"

நான் வாங்கிக்கொண்டேன். உப்போடை ஸ்டேஷன் மாஸ்டரிடம் என் பெயரைச் சொன்னேன். எனக்குச் சிக்னல் சரியாகத் தெரியவில்லை, மாற்று ஆள் வேண்டும் என்றேன். மறுமுனையில் ஒரு கணம் இரைச்சல். "என்ன தெரியல?" என்று கேட்டார். மறுபடி சொன்னேன். இரண்டாவது முறை சுலபமாக இருந்தது.

நடைவேகத்தில் ஊர்ந்து லூப்புக்குள் போனோம். ஒவ்வொரு சிக்னலையும் அக்கா இரண்டு முறை சொன்னார், தனக்குத் தானே.

மாற்று ஆள் வர நான்கு மணி நேரம் ஆனது. ஆறு விளக்குகளின் கீழ் உட்கார்ந்திருந்தோம். சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். கொடுக்காமலும் இருந்திருக்கலாம். அவர் கண்ணாடியை இறக்கிப் படித்தார். ஒருமுறை படித்து, மறுபடி மேலிருந்து படித்தார்.

"அடப் பாவி" என்றார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "எழுத்து நல்லாத்தான் இருக்கு புரொபசரு. ஒரு தப்பு இல்ல. ஆளுதான் மாறிப்போச்சு."

"மன்னிச்சிருங்க, அக்கா."

"'உடன் பணிபுரிபவர் சொல்வதைக் கேட்டே.' ஏல, இத எழுதும்போது உனக்கு உறைக்கலியா?"

"கை நின்னுச்சு."

"நின்னுச்சுல்லா? பெறகு?"

"பெறகு எழுதிட்டேன்."

அவர் சிரிப்பு நின்றது. தாளை மடித்து என் பையிலேயே திரும்ப வைத்தார். பையின் பொத்தானையும் போட்டுவிட்டார். பொழுது புலர்ந்தபோது விளக்குகளை அணைத்தார்கள். வளையங்களும் அணைந்தன.


பிப்ரவரி 28

அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டார்கள். புதிதாக எழுதத் தெம்பில்லை. பழைய கடிதத்தில் பெயரை அடித்து என் பெயரை எழுதினேன். 'திருமதி' என்பதையும் அடித்தேன். 'என்னுடன் பணிபுரியும்' என்பதையும். 'லோகோ பைலட்' முன்னால் 'உதவி' சேர்த்தேன். மற்றதெல்லாம் பொருந்தியது. படித்துப் பார்த்த கிளார்க், "நல்ல காப்பியா எழுதித் தரலாமே சார்" என்றார். இதுவே இருக்கட்டும் என்றேன்.


மார்ச் 2

கண் மருத்துவமனை. அக்கா உடன் வந்தார். வரவேற்பில் யார் என்று கேட்டதற்கு "டிரைவர்" என்றார். கார் டிரைவர் என்று எழுதிக்கொண்டார்கள்.

கண்ணின் அழுத்தம்: வலது முப்பத்து நான்கு, இடது முப்பத்தெட்டு. இருபத்தொன்றைத் தாண்டக் கூடாதாம். டாக்டர் என் அம்மா வயது. என் பாட்டிலை மேசையில் நிறுத்தி வைத்திருந்தார், சாட்சியைப் போல.

"இதுல ஸ்டீராய்டு இருக்கு. பத்து நாள் போட வேண்டியது. நீங்க பல் தேய்க்கிற மாதிரி போட்டிருக்கீங்க."

"வளையம் ஏன் வருது, மேடம்?"

"அழுத்தம் கூடினா, கண்ணோட முன்பக்கத் திரையில தண்ணி ஊறும். சின்னச் சின்னத் துளியா நிக்கும். வெளிச்சம் அதுல பட்டுச் சிதறினா கலர் கலரா வளையம் தெரியும். காலையில கூடுதலா இருக்கும்."

"பனி மாதிரி."

"பனியேதான். இடம்தான் வேற."

ஆக, நான் சொன்னது சரி. ஒளியியலில் பிழை இல்லை. துளிகள் உண்மை, வளைதல் உண்மை, நீலம் உள்ளே, சிவப்பு வெளியே. இடம்தான் வேறு. ஒரு பட்டதாரி இவ்வளவு சரியாக இருந்துகொண்டே தவறாக இருக்க முடியும்.

பிறகு ஒரு இருட்டுக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே அங்கங்கே சிறு வெளிச்சப் புள்ளிகள் வந்து போகும். தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினேன். தாளம் பிடிபட்டது. ஒன்று, இடைவெளி, ஒன்று, இடைவெளி. நன்றாகச் செய்கிறேன் என்று தோன்றியது.

இயந்திரத்தை இயக்கிய பெண் நிறுத்திவிட்டார். "சார், நான் புள்ளியே போடாதப்பவும் அழுத்துறீங்க. மெஷின் காட்டிக்கொடுக்குது. தெரிஞ்சா மட்டும் அழுத்துங்க. தெரியலன்னா சும்மா இருங்க. சும்மா இருந்தா ஒண்ணும் தப்பில்ல."

மறுபடி முதலிலிருந்து. இம்முறை சும்மா இருந்தேன். இருட்டில் நெடுநேரம் ஒன்றுமே வராத இடங்கள் இருந்தன. அங்கெல்லாம் ஏதோ வந்திருக்கும். விரல் பொத்தானின்மேல் காத்திருந்தது. அழுத்தவில்லை.

தாளில் அச்சாகி வந்தது. இடக்கண்ணில் மேல்பக்கம் ஒரு கறுப்புப் பிறை. வலக்கண்ணில் சின்னதாக ஒன்று. அழுத்தத்தைக் குறைக்கலாம், வளையங்கள் போய்விடும். பிறை போகாது.

"வண்டி ஓட்டலாமா?" என்று கேட்டேன்.

டாக்டர் என்னைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்தார். அக்கா தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீழ இறங்கி செய்யுற வேலை நெறைய இருக்கு, தம்பி" என்றார் அக்கா.


மார்ச் 5

நயினார் மெடிக்கல்ஸ். பாட்டிலைக் காட்டி டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "நீங்கதான கேட்டீங்க" என்றார் அண்ணாச்சி. உண்மை.


மார்ச் 11

புதிய சொட்டு மருந்து. காலை இரண்டு வகை, இரவு ஒன்று. எரிகிறது. கண் வெள்ளையாகவில்லை. உடனே எந்தப் பலனும் தெரியவில்லை. விடுகிறேன்.


மார்ச் 18

பகலெல்லாம் அறையில். துவைக்க வேண்டிய சட்டைகளைத் துவைத்தேன். பாக்கி இருந்த கரி மூன்று வாளியில் போய்விட்டது. நான்காவது வாளி தெளிவாக இருந்தது. அதைக் கொட்ட மனம் வராமல் வைத்திருந்தேன்.


மார்ச் 29

மறுபரிசோதனை முடிந்து பாசஞ்சர் வண்டியில் திரும்பினேன். அழுத்தம் பதினெட்டு, பத்தொன்பது. அடுத்த மாதம் முதல் அலுவலகத்தில் வேலை. வண்டிகளுக்கு ஆள் ஒதுக்கும் பிரிவு. யார் யாரோடு போக வேண்டும் என்று இனி நான் எழுதுவேன்.

பொழுது சாயும் நேரத்தில் உப்போடையில் நிறுத்தினார்கள். எழுத வேண்டிய அதிசயம்: சரக்கு வண்டிக்காக பாசஞ்சரை நிறுத்தியிருந்தார்கள். பெட்டிக்குள் ஆட்கள் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கிப் பிளாட்பாரத்தில் நின்றேன்.

ஆறு விளக்குகள் எரிந்தன. ஆறும் வெறும் விளக்குகள். எண்ணினேன். ஓரத்தில் கூர்மையாக, கஞ்சத்தனமாக, தங்கள் வெளிச்சத்தைத் தங்களிடமே வைத்துக்கொண்டு. அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. சும்மா கட்டைவிரலை நீட்டி ஒன்றை மறைத்தேன். பிறகு கையை இறக்கிக்கொண்டேன்.

கரி வண்டி வந்தது. நிற்காமல் போகிற வண்டி. இன்ஜின் ஜன்னலில் எப்சிபா அக்கா. வலப்பக்கம் யாரோ, தெரியவில்லை. அக்கா என்னைப் பார்த்துவிட்டார். கையை வெளியே நீட்டி, எதிரே, நிலையத்தை விட்டு வெளியேற அனுமதிக்கும் சிக்னலைக் காட்டி, சக்கரச் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

"ஸ்டார்ட்டர், கிரீன்!"

வாய் திறந்துவிட்டது. மூடினேன்.

திரும்பிப் பார்த்தேன். பிளாட்பாரத்தின் கோடி, அதற்கப்பால் கம்பம். இடக்கண்ணின் மேல்பக்கம் இல்லாததால் தலையைச் சற்று உயர்த்த வேண்டியிருந்தது. தேடிப் பிடித்து, நிதானமாகப் பார்த்தேன். அதற்குள் இன்ஜின் கம்பத்தைத் தாண்டிப் போய்விட்டது. வண்டி தாண்டினால் விளக்கு மாறும், எப்போதும் அப்படித்தான். கரி வேகன்கள் என்னைக் கடந்துகொண்டே இருந்தன.

"ஸ்டார்ட்டர், ரெட்" என்றேன், உரக்க.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிக்னலைப் பார்த்தார்.

"ஆமா, ரெட்டுதான்" என்றார்.